ஐம்பது ஆண்டுத் தேடலுக்குப் பிறகும் வேற்றுலக உயிர் பற்றி ஏன் உறுதியான பதில் இல்லை?

கேள்வி இதுதான்: செவ்வாய்க்கு எத்தனையோ கலங்கள் போய்விட்டன, வியாழன், சனி ஆகியவற்றின் நிலவுகளையும் நெருங்கிப் பார்த்துவிட்டோம், அப்படியிருக்க, சூரியக் குடும்பத்தில் பூமியைத் தவிர வேறெங்காவது உயிர் உண்டா என்பதற்கு ‘உண்டு’ என்றோ ‘இல்லை’ என்றோ சொல்ல முடியாமல் விஞ்ஞானிகள் ஏன் மழுப்புகிறார்கள்?

போன கலங்கள் எல்லாம் உயிரைத் தேடிப் போனவை என்ற எண்ணத்தில் எழுந்த கேள்வி இது. உண்மையில், வேறொரு கோளின் மண்ணை அள்ளி, ‘இதற்குள் இப்போது ஏதேனும் உயிரோடு இருக்கிறதா’ என்று நேரடியாகச் சோதித்தவை ஒரே திட்டத்தைச் சேர்ந்த இரண்டு கலங்கள் மட்டுமே. அது நடந்தது 1976-இல். அந்தச் சோதனையின் முடிவு யாருக்கும் விளங்காமல் போனதால்தான் அதற்குப் பின் வந்த தேடல் முழுவதும் வேறு பாதையில் திரும்பியது. எனவே அந்த இடத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நாசாவின் வைக்கிங் 1 கலம் 1976 ஜூலை 20 அன்று செவ்வாயின் கிரைசி சமவெளியிலும், வைக்கிங் 2 அதே ஆண்டு செப்டம்பர் 3 அன்று யுடோப்பியா சமவெளியிலும் இறங்கின. ஒவ்வொன்றிலும் மூன்று உயிரியல் சோதனைகள் இருந்தன. அவற்றில் இன்றுவரை பேசப்படுவது கில்பர்ட் லெவின் வடிவமைத்த சோதனை. ஒரு சிறு கிண்ணத்தில் சிட்டிகை அளவு செவ்வாய் மண்; அதன்மேல் நுண்ணுயிரிகளுக்கு உணவாகக்கூடிய எளிய சேர்மங்கள் கரைந்த நீர் ஒரு துளி. அந்தச் சேர்மங்களில் இருந்த கார்பன், கதிரியக்கமுள்ள கார்பன்-14. மண்ணில் ஏதாவது நுண்ணுயிரி இருந்து அந்த உணவை உண்டால், அது வெளியிடும் வாயுவில் கதிரியக்கம் தெரியும். துளி விழுந்தது, சில மணி நேரத்துக்குள் கதிரியக்கம் விறுவிறுவென ஏறியது. இன்னொரு சிட்டிகை மண்ணை 160 டிகிரி செல்சியஸில் மூன்று மணி நேரம் சூடாக்கிவிட்டு அதே துளியை விட்டபோது, அந்த ஏற்றம் இல்லை. சூட்டில் செத்துப்போன உயிர் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே மண் நடந்துகொண்டது. புறப்படுவதற்கு முன்பே வகுத்திருந்த விதிகளின்படி பார்த்தால் இது ‘ஆம்’ என்ற விடை.

ஆனால் பக்கத்திலேயே இருந்த இரண்டு செய்திகள் அந்த ‘ஆம்’ மீது சந்தேகத்தை விதைத்தன. முதலாவது, அதே மண்ணில் இரண்டாவது துளி உணவு விட்டபோது புதிதாக வாயு எதுவும் எழவில்லை. இருந்த வாயுவிலும் ஒரு பகுதி மண்ணுக்குள் திரும்பிப் போயிற்று. பெருகிக்கொண்டிருக்கும் உயிர்க்கூட்டம் இரண்டாம் பந்தியில் இப்படி நடந்துகொள்ளாது. தீர்ந்துபோன ஒரு வேதிப்பொருள்தான் இப்படி நடந்துகொள்ளும். இரண்டாவது செய்தி இன்னும் கனமானது. மண்ணைச் சூடாக்கி, அதிலிருந்து கிளம்பும் வாயுக்களைப் பிரித்துப் பார்க்கும் கருவி, செவ்வாய்க்கே உரிய கரிமச் சேர்மம், அதாவது கார்பனை அடிப்படையாகக் கொண்ட சேர்மம், எதையும் காணவில்லை. குளோரின் கலந்த ஓரிரு எளிய சேர்மங்கள் தென்பட்டன. அவை பூமியில் கருவியைத் துடைத்த கரைப்பானின் மிச்சம் என்று ஒதுக்கப்பட்டன. கரிமச் சேர்மமே இல்லாத மண்ணில் உயிர் எங்கிருந்து வரும்? மண்ணில் ஏதோ வீரியமான ஆக்சிஜனேற்றி இருந்து உணவைச் சிதைத்திருக்கிறது என்பதே பெரும்பாலோரின் முடிவாயிற்று. லெவினோ 2021-இல் இறக்கும்வரை தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து இந்தக் கதை எதிர்பாராத விதமாகத் திரும்பியது. 2008 மே மாதம் செவ்வாயின் வடதுருவப் பகுதியில் இறங்கிய ஃபீனிக்ஸ் கலம், மண்ணை நீரில் கரைத்து அதிலுள்ள உப்புகளை அளந்தது. நைட்ரேட்டை அளப்பதற்கென்று வைத்திருந்த உணர்முனை அளவுக்கு மீறிய எண்ணைக் காட்டியது. அது உண்மையிலேயே நைட்ரேட்டாக இருந்தால், கிண்ணத்தில் போட்ட மண்ணின் மொத்த எடையைவிட நைட்ரேட்டின் எடை அதிகம் என்று ஆகியிருக்கும்! அந்த உணர்முனை பெர்குளோரேட்டுக்குப் பல மடங்கு கூர்மையாக எதிர்வினை காட்டும் தன்மையுடையது. அதாவது மண்ணில் சுமார் அரை சதவீதம் பெர்குளோரேட் இருந்தது. இந்த உப்பு குளிர்ந்த நிலையில் சாதுவாகக் கிடக்கும். சூடாக்கினால் ஆக்சிஜனைக் கக்கி, அருகிலுள்ள கரிமச் சேர்மங்களை எரித்துவிடும். எரியும்போது குளோரின் கலந்த எளிய சேர்மங்களை மிச்சம் வைக்கும். வைக்கிங் தேடிய பொருளை வைக்கிங்கின் அடுப்பே எரித்திருக்கலாம், துடைப்பு மிச்சம் என்று ஒதுக்கியதுதான் அந்தச் சாம்பலாக இருந்திருக்கலாம் என்ற நிலை வந்தது. லெவின் சொன்னது சரி என்று இதற்குப் பொருளில்லை. 1976-இல் கேட்ட கேள்விக்கு அந்தக் கருவிகளால் விடை சொல்லியிருக்க முடியாது என்பதே பொருள். மண்ணின் வேதியியல் தெரியாமல் மண்ணிலுள்ள உயிரைச் சோதிக்க முடியாது. அடுத்து வந்த திட்டங்கள் ‘உயிர் இருக்கிறதா’ என்று கேட்பதை விட்டுவிட்டு, ‘நீர் இருந்ததா, அது எவ்வளவு காலம் இருந்தது, உயிர் வாழத் தகுந்த வேதியியல் இருந்ததா’ என்று படிப்படியாகக் கேட்கத் தொடங்கியது இதனால்தான். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது மழுப்பலாகத் தெரிகிறது. எனக்கு இது சூடுபட்டுக் கற்ற நிதானமாகவே தெரிகிறது.

இனி, செய்திகளில் அடிக்கடி வரும் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ‘கரிமச் சேர்மம் கண்டுபிடிப்பு’ என்ற தலைப்பைப் பார்த்ததும் உயிரின் சுவடு கிடைத்துவிட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள். கரிமம் என்பது கார்பனை அடிப்படையாகக் கொண்ட வேதியியல். அதற்கு உயிர் தேவையில்லை. பென்னு என்ற சிறுகோளிலிருந்து ஒசைரிஸ்-ரெக்ஸ் கலம் 2023 செப்டம்பர் 24 அன்று பூமிக்குக் கொண்டுவந்த 121.6 கிராம் மாதிரியே இதற்கு நல்ல சான்று. பூமியின் உயிர்கள் புரதம் கட்டப் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14 அதில் இருந்தன; டிஎன்ஏ, ஆர்என்ஏ ஆகியவற்றின் எழுத்துகளான ஐந்து காரங்களும் இருந்தன. ஆனாலும் பென்னுவில் உயிர் இருந்ததாக யாரும் சொல்லவில்லை. காரணம், அமினோ அமிலங்கள் இடக்கை, வலக்கை போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரு வடிவங்களில் வரும். பூமியில் புரதம் கட்டும் உயிர்வேதியியல் இடக்கை வடிவத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறது. பென்னுவில் இரண்டும் ஏறக்குறைய சரிசமமாக இருந்தன. உயிரற்ற வேதியியல் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை, கிடைத்ததையெல்லாம் செய்து வைக்கும். உயிரோ சிலவற்றை மட்டும் பொறுக்கி எடுத்து அவற்றையே மீண்டும் மீண்டும் செய்யும். ஆகவே இன்றைய தேடலில் ஒரு மூலக்கூறு இருக்கிறதா என்பதைவிட, அவற்றின் விகிதத்தில் ஒரு தேர்வு தெரிகிறதா என்பதே முக்கியமான கேள்வி.

இந்தக் கண்ணோட்டத்தோடு செவ்வாய்க்குத் திரும்புவோம். 2012 ஆகஸ்டில் கேல் பள்ளத்தில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தி, சுமார் 350 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே உப்பும் அமிலமும் மிகாத, குடிக்கத்தக்க நீர் கொண்ட ஏரி இருந்ததை நிறுவியது. அந்த ஏரியின் படிவுப் பாறைகளில் கரிமச் சேர்மங்கள் இருப்பது 2018-இல் அறிவிக்கப்பட்டது. 2025 மார்ச்சில், பத்து முதல் பன்னிரண்டு கார்பன் நீளமுள்ள சங்கிலிகள் கிடைத்ததாகச் செய்தி வந்தது. அவை கொழுப்பு அமிலங்களின் உடைந்த துண்டுகளாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. கொழுப்பு அமிலம் உயிர்ச்செல்லின் சவ்வுக்கு மூலப்பொருள்தான். ஆனால் அது உயிரின்றியும் உண்டாகக்கூடியது.

கியூரியாசிட்டி எழுப்பிய இன்னொரு விவகாரம் மீத்தேன். பூமியின் காற்றிலுள்ள மீத்தேனில் பெரும்பங்கு உயிர்களிடமிருந்து வருவது. சூரிய ஒளி அதைச் சில நூறு ஆண்டுகளில் சிதைத்துவிடும் என்பதால், செவ்வாயின் காற்றில் அது இருந்தால் புதிதாக எங்கிருந்தோ வந்துகொண்டிருக்க வேண்டும். கேல் பள்ளத்தில் அந்த ஊர்தி நூறு கோடியில் 0.4 பங்கு அளவிலான மீத்தேனையும், பருவத்துக்கேற்ப அது ஏறி இறங்குவதையும், 2019 ஜூனில் நூறு கோடியில் 21 பங்கு வரை திடீரென எகிறியதையும் பதிவுசெய்தது. ஆனால் மேலிருந்து சுற்றிவரும் ஐரோப்பிய-ரஷ்யக் கலம், 2018 முதல் இன்னும் நுட்பமாகத் தேடியும் மீத்தேனின் சாயலைக்கூடக் காணவில்லை. ஊர்தி இரவில் தரையருகே அளக்கிறது, கலம் பகலில் உயரத்தில் அளக்கிறது என்று சமாதானம் சொல்லலாம். ஊர்தியின் கருவிக்குள்ளேயே பூமியிலிருந்து வந்த மீத்தேன் சிறிதளவு தங்கியிருந்தது என்பதும் தெரிந்த செய்திதான். இதை வைத்து எந்தப் பக்கமும் பந்தயம் கட்ட நான் தயாராக இல்லை.

செவ்வாயில் இதுவரை கிடைத்தவற்றுள் என் கணிப்பில் முதலிடம் பெறுவது வேறொன்று. 2021 பிப்ரவரி 18 அன்று ஜெசெரோ பள்ளத்தில் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தி, 2024 ஜூலையில் பழைய ஆற்றுப் பள்ளத்தாக்கு ஒன்றில் செயாவா ஃபால்ஸ் என்று பெயரிடப்பட்ட பாறையைக் கண்டது. செந்நிறச் சேற்றுப்பாறை; அதன்மேல் சிறுத்தையின் தோலில் இருப்பதுபோல, வெளிறிய நடுவும் கருத்த விளிம்புமாக மில்லிமீட்டர் அளவுப் புள்ளிகள். விளிம்பில் இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்த விவியனைட், நடுவில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த கிரைகைட் என்ற கனிமம் இருப்பதாகக் கருவிகள் காட்டின. பாறையில் கரிமமும் இருந்தது. பூமியின் சேற்றுப் படுகைகளில் நுண்ணுயிரிகள் கரிமத்தை உண்டு, நாம் ஆக்சிஜனைப் பயன்படுத்துவதுபோல இரும்பையும் சல்பேட்டையும் பயன்படுத்தும்போது இதே கனிமங்களை விட்டுச்செல்கின்றன. உயிரின்றி இந்த மாற்றம் நடக்கப் பொதுவாக நல்ல வெப்பம் வேண்டும். அந்தப் பாறை அப்படிச் சுட்டெரிக்கப்பட்டதற்கான அடையாளம் இல்லை. 2025 செப்டம்பரில் வெளியான ஆய்வுக் கட்டுரை இதை ‘உயிர்ச் சுவடாக இருக்கக்கூடியது’ என்ற அளவோடு நிறுத்திக்கொண்டது. குளிர்ந்த நிலையிலேயே மெதுவாக இதைச் செய்யக்கூடிய உயிரற்ற வினை எதுவும் இல்லை என்று ஆய்வகங்களில் நிறுவும்வரை அதற்குமேல் சொல்ல வழியில்லை.

அந்தப் பாறையிலிருந்து துளைத்தெடுத்த மாதிரி, குழாயில் அடைக்கப்பட்டு ஊர்தியில் இருக்கிறது. பூமிக்கு வந்தால் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை மாறுபட்ட அணுக்கள்) விகிதங்களை அளந்து பெருமளவு தெளிவு பெறலாம். ஆனால் கொண்டுவரும் திட்டத்தின் செலவு 1,100 கோடி டாலரைத் தொடும், மாதிரி வந்துசேர 2040 ஆகும் என்ற மதிப்பீட்டை ஏற்க முடியாது என்று நாசாவே 2024 ஏப்ரலில் அறிவித்தது. அப்போது தொடங்கிய இழுபறியைப் பார்த்தால், தேடலின் இந்தக் கட்டத்தில் அறிவியலைவிட நிதிதான் தடை என்று சொல்லத் தோன்றுகிறது.

மாதிரி கையில் இருந்தால் மட்டும் சண்டை தீர்ந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். அண்டார்க்டிகாவின் ஆலன் குன்றுப் பகுதியில் 1984-இல் கிடைத்த, சுமார் 1.9 கிலோ எடையுள்ள செவ்வாய் விண்கல்லில் நுண்ணுயிரித் தடங்கள் இருப்பதாக 1996-இல் டேவிட் மெக்கே குழுவினர் அறிவித்தனர். அமெரிக்க அதிபர் கிளின்டனே அதுகுறித்துச் செய்தியாளர்களிடம் பேசினார். புழுவைப் போன்ற வடிவங்கள், காந்தக் கனிமத் துகள்கள், கரிம வளையங்கள் என்று அவர்கள் காட்டிய ஒவ்வொரு சான்றுக்கும் உயிரற்ற விளக்கம் ஒன்று அடுத்தடுத்து வந்தது. அந்த ‘புழுக்களில்’ பல, செல் என்ற ஒன்று இயங்கத் தேவையான உறுப்புகள் கொள்ளாத அளவுக்குச் சிறியவை. இப்படி நெடுங்காலம் நீடித்த விவாதத்தின் பயனாகவே, எதைச் சான்றாக ஏற்பது என்ற அளவுகோல்கள் கூர்மையடைந்தன. 2021-இல் நாசா விஞ்ஞானிகள் முன்வைத்த ஏழுபடி அளவுகோலில், ஒரு குறிப்பைக் காண்பது முதல் படி மட்டுமே. அது கருவியின் பிழையோ பூமியிலிருந்து ஒட்டிப்போன மாசோ அல்ல என்று காட்டுவது அடுத்தது. உயிரற்ற வழிகள் எல்லாவற்றையும் விலக்குவது அதற்கும் மேலே.

வெள்ளியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தரையில் 460 டிகிரிக்கு மேல் கொதிக்கும் அந்தக் கோளில், ஐம்பது கிலோமீட்டருக்கு மேலுள்ள மேகங்களில் மட்டும் வெப்பநிலை இதமானது. ஆனால் அந்த மேகத் துளிகள் அடர் கந்தக அமிலம். 2020 செப்டம்பரில் ஜேன் கிரீவ்ஸ் குழு, பூமியில் உயிர்களோடு தொடர்புடைய பாஸ்பீன் வாயுவை அங்கே கண்டதாகச் சொன்னது. தரவைத் திரும்பச் சீர்செய்தபோது அளவு வெகுவாகக் குறைந்தது. அது கந்தக டை ஆக்சைடின் சாயல்தான் என்று வாதிடுவோரும் உண்டு.

சூரிய ஒளியே படாத இடத்தில் உயிர் இருக்க முடியும் என்ற எண்ணம் வலுப்பெற்றது, வைக்கிங் இறங்கிய மறு ஆண்டில், அதுவும் பூமியில். 1977-இல் கலபாகோஸ் அருகே ஆல்வின் நீர்மூழ்கியில் இரண்டரை கிலோமீட்டர் ஆழத்துக்கு இறங்கியவர்கள், கடலடி வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி உயிர்கள் மொய்த்திருப்பதைக் கண்டார்கள். பாறையிலிருந்து வரும் வேதிப்பொருள்களை உண்ணும் நுண்ணுயிரிகளே அந்த உணவுச் சங்கிலிக்கு அடித்தளம். அதன்பிறகு, சூரியனிலிருந்து வெகுதொலைவில் உறைந்து கிடக்கும் நிலவுகளைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது.

அவற்றில் சனியின் என்செலடஸ் வெறும் 500 கிலோமீட்டர் விட்டமுள்ள பனி உருண்டை. 2005-இல் கசினி கலம் அதன் தென்துருவத்தில் நான்கு நீண்ட விரிசல்களையும், அவற்றிலிருந்து நீராவியும் பனித்துகளும் விண்வெளிக்குப் பீறிட்டுக்கொண்டிருப்பதையும் கண்டது. துளையிட வேண்டாம், இறங்கவும் வேண்டாம். பனிக்கு அடியிலுள்ள கடல் தன் மாதிரியைத் தானே வெளியே வீசுகிறது. கசினி அந்தப் பீறலுக்குள் புகுந்து பறந்தும், அதிலிருந்து சிதறிய துகள்களைப் பிடித்தும், உப்பையும் கரிமத் துகள்களையும், சுடுநீர் பாறையோடு வினைபுரிந்தால் மட்டுமே உண்டாகக்கூடிய நுண்ணிய சிலிக்கா மணிகளையும் பதிவுசெய்தது. 2015 அக்டோபரில் வெறும் 49 கிலோமீட்டர் உயரத்தில் பறந்தபோது ஹைட்ரஜன் வாயுவும் அகப்பட்டது. 2023-இல் பழைய தரவிலிருந்தே, உயிருக்குத் தேவையான பாஸ்பேட்டும் கண்டறியப்பட்டது.

ஹைட்ரஜனைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்து மீத்தேனாக்கி அதில் கிடைக்கும் ஆற்றலில் வாழும் நுண்ணுயிரிகள் பூமியில் உண்டு. ஆகவே என்செலடஸ் கடலில் உணவு இருக்கிறது என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஆனால் உணவு மீந்து வெளியே கொட்டுகிறது என்றால் உண்ண ஆளில்லை என்றும் அதைப் படிக்கலாம் அல்லவா? பூமியின் ஊற்றுகளிலும் ஹைட்ரஜன் மிஞ்சத்தான் செய்கிறது என்பது மறுபக்கத்தின் பதில். கசினியின் கருவிகள் 1990-களில் வேறு நோக்கத்துக்காகச் செய்யப்பட்டவை. பெரிய மூலக்கூறுகளைப் பிரித்தறியும் திறன் அவற்றுக்குக் கிடையாது. அதனால் இந்த வாதம் அங்கேயே நின்றுபோனது.

வியாழனின் யூரோப்பாவில் இதைவிடப் பெரிய கடல் இருக்கிறது. பூமியின் கடல்நீர் முழுவதையும்போல் இரு மடங்கு நீர் அதில் இருக்கலாம். கலிலியோ கலத்தின் காந்தமானி பதிவுசெய்த, உப்புநீர் போன்ற மின்கடத்தி ஒன்று உள்ளே இருந்தால் மட்டுமே விளங்கும் காந்தப்புல மாற்றமே அதற்கு முதன்மைச் சான்று. ஆனால் மேலோட்டின் தடிமன் பல கிலோமீட்டர், அங்கே நீர் பீறிடுவது உறுதிப்படவில்லை. 2024 அக்டோபர் 14 அன்று புறப்பட்ட யூரோப்பா கிளிப்பர் 2030-இல் வியாழனை அடைந்து, யூரோப்பாவை 49 முறை நெருங்கிக் கடக்க இருக்கிறது. அதன் பணியும் உயிர் வாழத் தகுந்த சூழல் உண்டா என்று அறிவதே. ‘கிளிப்பர் உயிரைக் கண்டுபிடிக்கப் போகிறது’ என்று எழுதுபவர்கள் அவசரப்படுகிறார்கள். சனியின் இன்னொரு நிலவான டைட்டன் இவற்றிலிருந்து முற்றிலும் மாறுபட்டது. -179 டிகிரிக் குளிரில் மீத்தேன் மழையும் மீத்தேன் ஏரிகளும் உள்ள அந்த நிலவில், நீருக்குப் பதில் மீத்தேனில் உயிர் எழுமா என்பதுவரை கேள்வி நீள்கிறது. 2028-இல் புறப்படவுள்ள டிராகன்ஃபிளை என்ற பறக்கும் கலம், அங்கே உயிருக்கு முந்தைய வேதியியல் எதுவரை போயிருக்கிறது என்று பார்க்கும்.

தேடுகிறவர்களே உயிரைக் கொண்டுபோய்ப் போட்டுவிடக் கூடாது என்ற கவலை இதற்கிடையே எப்போதும் உண்டு. வைக்கிங் கலங்களை 110 டிகிரிக்கு மேல் பல மணி நேரம் சுட்டெடுத்த பிறகே அனுப்பினார்கள். கலிலியோவை 2003-இல் வியாழனுக்குள்ளும், கசினியை 2017-இல் சனிக்குள்ளும் வேண்டுமென்றே வீழ்த்தியது, எரிபொருள் தீர்ந்து என்றோ ஒருநாள் அந்த நிலவுகளில் மோதிவிடாமல் இருக்கத்தான்.

எங்கே முதலில் தேட வேண்டும் என்று என்னைக் கேட்டால், அழிந்துபோன உயிரின் தடத்துக்குச் செவ்வாயும், இன்று வாழும் உயிருக்கு என்செலடஸும் என்பேன். ஐரோப்பிய விண்வெளி முகமை தன் அடுத்த பெரிய திட்டங்களில் ஒன்றுக்கு என்செலடஸையே முன்னிலைப்படுத்தியிருக்கிறது. 2040-களில் புறப்பட்டு, தென்துருவப் பனியில் இறங்குவது எண்ணம். அங்கே விழுந்து கிடக்கும் புதிய பனித்துகளை உருக்கினால் பார்க்க வேண்டியவை மிகத் தெளிவானவை: அமினோ அமிலங்களில் ஒரு கை மட்டும் ஓங்கியிருக்கிறதா, எளிதில் உண்டாகும் கிளைசின் என்ற அமினோ அமிலத்தைவிடக் கடினமானவையும் நிறைய இருக்கின்றனவா, கொழுப்பு அமிலங்களில் இரட்டைப்படை கார்பன் நீளங்கள் மட்டும் மேலோங்கி நிற்கின்றனவா. இவற்றில் ஒன்று தனியாக வந்தால் மறுபடியும் வாதம்தான் நடக்கும். மூன்றும் ஒரே துளியில் சேர்ந்து வந்தால், உயிரற்ற விளக்கம் தேடுபவர்களுக்கு வேலை மிகக் கடினமாகிவிடும்.